மூன்று தடவை ஏமாற்றிவிட்டு நான்காம் தடவை பர்லியாரில் மாட்டிய வண்டி

வண்டி 2010 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், டிஎன் 43 பதிவு, அப்போது 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. கம்பெனி பெயர் வேண்டாம், திடீரென்று நின்றுவிட்டு கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிற இந்தக் கோளாறு எந்தக் கம்பெனி வண்டியிலும் வரும். நாங்கள் இருப்பது குன்னூரில். அப்பாவுக்கு மாதம் ஒருமுறை கோவையில் செக்கப், அதனால் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இந்த வண்டி எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கும் என்று எனக்கே கணக்கில்லை. அப்பா முப்பது வருடம் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டியவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் வந்த குழப்பத்தில் பாதி அவரால் வந்தது, தெளிவில் பாதியும் அவரால்தான்.

முதல் தடவை நின்றது மே மாதம். சீசன் நேரத்தில் ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். எதிரே வண்டி வராதே தவிர, முன்னால் பஸ், பின்னால் வேன் என்று ஒட்டிக்கொண்டு நத்தை மாதிரி ஊர வேண்டும். மலையடிவாரத்துக் கல்லார் தாண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவு, முதல் கியர், உள்ளே நான்கு பேர், ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது, வண்டி ஆஃப் ஆகிவிட்டது. உதறவில்லை, இருமவில்லை, பவர் குறையவும் இல்லை. யாரோ சாவியைத் திருப்பி அணைத்தது போல ஒரே நொடியில் நின்றது. இந்த விவரத்தை அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்திருந்தால் எட்டாயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும். பெட்ரோல் வராமல் நிற்கிற வண்டி பெரும்பாலும் திணறித் திணறித்தான் நிற்கும், கரண்ட் போய் நிற்கிற வண்டிதான் இப்படிப் பட்டென்று நிற்கும்.

மலையில் ஏறும்போது இன்ஜின் நின்றால் பிரேக் இரண்டு மூன்று மிதிக்குத்தான் மெத்தென்று இருக்கும், அப்புறம் கல் மாதிரி இறுகிவிடும். இன்ஜின் ஓடும்போது கிடைக்கிற வேக்குவம் (காற்று உறிஞ்சும் இழுப்பு)தான் பிரேக் மிதிக்கு உதவி செய்வது, அது தீர்ந்துவிட்டால் முழுக்க நம் கால் பலம்தான். ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாகப் பிடித்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின் டயருக்குக் கல் வைக்கச் சொன்னேன். பின்னால் நின்ற வேன்காரர்தான் இறங்கி வந்து வைத்தார், நல்ல மனிதர்.

செல்ஃப் அடித்தால் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. அதற்குள் நாலு பேர் கூடி நாலு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் பேட்டரி டவுன் என்றார். செல்ஃப் அவ்வளவு வேகமாகச் சுற்றும்போது பேட்டரியை எதற்குக் குறை சொல்ல வேண்டும்? செல்ஃபே எடுக்காத வண்டி வேறு, செல்ஃப் எடுத்தும் ஸ்டார்ட் ஆகாத வண்டி வேறு. முதல் வகைக்குத்தான் பேட்டரி, டெர்மினல், செல்ஃப் மோட்டார் என்று போக வேண்டும். இன்னொருவர் பின்பக்கமாக உருட்டி ரிவர்ஸ் கியரில் விட்டுப் பார்க்கலாம் என்றார், கொண்டை ஊசி வளைவில், பின்னால் அரை கிலோமீட்டருக்கு வண்டிகள் நிற்கும்போது! தள்ளி ஸ்டார்ட் செய்வது செல்ஃபுக்குப் பதிலாக இன்ஜினைச் சுற்றிவிடும், அவ்வளவுதான். செல்ஃப் ஏற்கெனவே சுற்றுகிற வண்டியில் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இருபத்தைந்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. அப்பா அலட்டிக்கொள்ளவே இல்லை.

"பெட்ரோல் ஆவியாயிடுச்சுடா. பைப்புல ஈரத்துணியச் சுத்திட்டு ஒரு பீடி குடிக்கற நேரம் நின்னா சரியாப் போயிரும். பர்லியார்ல நான் எத்தன தடவ நின்னிருக்கேன் தெரியுமா?"

அவர் காலத்துக்கு அது நூற்றுக்கு நூறு சரி. அம்பாசிடரில் பெட்ரோல் பம்ப் இன்ஜினிலேயே திருகியிருக்கும். இன்ஜின் சூடு பம்ப்பில் ஏறி, பைப்பில் இருக்கிற பெட்ரோல் கொதித்து ஆவியாகி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகாமல் நின்றுவிடும். உயரம் ஏற ஏற இன்னும் சீக்கிரமாகக் கொதிக்கும். ஆனால் என் வண்டியில் பம்ப் இருப்பது பின் சீட்டுக்கு அடியில், டேங்க்குக்கு உள்ளே. அது மூன்று பார் அளவு அழுத்தத்தில் பெட்ரோலை முன்னால் தள்ளுகிறது, அந்த அழுத்தத்தில் இருக்கிற பெட்ரோல் லேசில் கொதிக்காது. இதைச் சொன்னால் அப்பா ஏற்கவில்லை. ஊட்டி மலை ரயிலே ஹில்குரோவ் ஸ்டேஷனில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே வருகிறது, உன் வண்டி என்ன பெரிய வண்டியா என்று கேட்டார்.

இரண்டாம் தடவை இரண்டு வாரம் கழித்து. கோவையிலிருந்து குன்னூர் வரை ஒழுங்காக வந்து, மார்க்கெட் பக்கம் நிறுத்தி, காய் வாங்கிவிட்டுப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை. இருபது நிமிடம் பொறுத்த பிறகுதான் ஆனது. நிறுத்திய வண்டி எப்படிச் சூடாகும் என்று தோன்றலாம். இன்ஜினை அணைத்ததும் தண்ணீர் பம்ப் நின்றுவிடும், ரேடியேட்டருக்குக் காற்றும் வராது, இன்ஜின் புகை வெளியேறுகிற சைலன்சர் மேனிஃபோல்டில் இருக்கிற சூடு போக வழியில்லாமல் பானட்டுக்குள்ளேயே பரவும். அதனால் அணைத்த முதல் பத்துப் பதினைந்து நிமிடம் சுற்றியுள்ள பாகங்களின் சூடு குறையாது, ஏறும்.

உள்ளூர் மெக்கானிக் பிளக் நான்கையும் மாற்றினார், பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சுத்தம் செய்தார், "மலைக்காத்து பத்தலீங்க சார், அதான்" என்றார். இதுவும் கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. குன்னூர் 1,850 மீட்டர், கடல் மட்டத்தை விட இங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவுதான், இழுவையும் அந்த அளவுக்குக் குறையத்தான் செய்யும். என் வண்டி கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கிற வகை. ஆனால் இன்ஜெக்‌ஷன் வண்டியில் காற்றழுத்தத்தை அளக்க ஒரு சென்சார் இருக்கிறது, அதைப் பார்த்து வண்டியின் கம்ப்யூட்டரான இசியு பெட்ரோல் அளவைக் குறைத்துக்கொள்ளும். காற்றுக் குறைவு இழுவையைத்தான் குறைக்கும், வண்டியை நிறுத்தாது.

டெர்மினலைக் கழற்றியதில் இன்னொரு நஷ்டம் இருந்தது, அப்போது எனக்குத் தெரியவில்லை. இந்த மாதிரி பழைய வண்டிகளில் பேட்டரி இணைப்பைக் கழற்றினால் இசியு தன் ஞாபகத்தில் வைத்திருக்கிற எர்ரர் கோட், அதாவது கோளாறைக் குறிக்கிற எண், அழிந்துபோகும். அடுத்த வாரம் இன்னொரு இடத்தில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். ஒரு எர்ரர் கோடும் இல்லை, வண்டி நல்லா இருக்கு என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் ஜூன், ஜூலை. மழை, குளிர், பனிமூட்டம். வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. பிளக் மாற்றியதுதான் மருந்து என்று நானும் நம்பிவிட்டேன்.

மூன்றாம் தடவை ஆகஸ்டில், கோவை காந்திபுரத்தில், சிக்னலில், ஏசி போட்டு நின்றபோது. மலையுமில்லை, உயரமுமில்லை, ஏற்றமுமில்லை. மலைக்காத்துக் கதை அங்கேயே முடிந்தது. பின்னால் ஹார்ன் அடித்தே கொன்றார்கள், ஓரம் கட்டி, கட்டி இழுக்க ஆள் பிடித்து, பக்கத்திலிருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். அங்கிருந்த பையன் கெட்டிக்காரன்தான். பின் சீட்டைத் தூக்கிக் காதை வைத்து, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொன்னான்.

"பம்ப் சத்தமே வரலீங்க சார். பம்ப் போயிருச்சு."

கேட்டேன், உண்மையிலேயே சத்தம் வரவில்லை. கண்ணால் பார்த்து, காதால் கேட்டு முடிவு செய்த விஷயம், யார் மறுப்பது? புதுப் பம்ப், கூலியோடு சேர்த்து 6,800 ரூபாய். டேங்க்கைத் திறந்து மாற்றி முடிக்க இரண்டரை மணி நேரம். மாற்றியதும் அரை சுற்றில் ஸ்டார்ட் ஆனது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் இன்ஜின் ஆறிப்போயிருந்தது என்பது அன்று இரவு வீட்டில் படுத்திருக்கும்போதுதான் உறைத்தது. பம்ப்பைத் தொடாமல் சும்மா டீ குடித்துவிட்டு வந்திருந்தாலும் ஸ்டார்ட் ஆகியிருக்கும்.

எழுந்து ஒரு பழைய டைரியில் மூன்று சம்பவத்தையும் எழுதினேன். கல்லாரில் டேங்க் முக்கால், மார்க்கெட்டில் பாதி, காந்திபுரத்தில் கிட்டத்தட்ட ஃபுல், ஆக ஏற்றத்தில் பெட்ரோல் பின்னால் ஒதுங்கி பம்ப்புக்கு எட்டாமல் போனது என்ற கணக்கு அடிபட்டது. மூன்றிலும் செல்ஃப் நல்ல வேகம். மூன்றிலும் டேஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு சாவி போட்டதும் எரிந்தது, அப்படியென்றால் கரண்டைத் திறந்துவிடுகிற மெயின் ரிலே வேலை செய்கிறது, இசியுவுக்குக் கரண்ட் போகிறது. சாவிப் பூட்டு விளக்கு மின்னவில்லை, வேறு சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசர் தகராறு இல்லை. மூன்றிலும் இன்ஜின் நல்ல சூடு, காற்றோட்டம் இல்லை. முதல் இரண்டு தடவையும் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் தானாகவே சரியானது. அப்பா சொன்னதில் பாதி இங்கே சரியாகிவிட்டது: சூடுதான். சூடாவது எது என்பதுதான் மிச்சம்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, இன்ஜெக்‌ஷன் வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பம்ப் ஏன் அமைதியாக இருந்தது என்பது புரியாது. பிஸ்டன்கள் சுழற்றுகிற தண்டான கிராங்க் ஷாஃப்ட்டோடு சேர்ந்து ஒரு பல்சக்கரம் சுற்றும், அதில் ஓரிடத்தில் வேண்டுமென்றே பல் விட்டிருப்பார்கள். அதன் பக்கத்தில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு சென்சார், அதுதான் கிராங்க் சென்சார். என் வண்டியில் இருப்பது பழைய வகை, உள்ளே ஒரு காந்தமும் மயிரிழைச் செம்புக் கம்பியைச் சுற்றிய ஒரு காயிலும்தான். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது காயிலில் ஒரு துடிப்பு வரும். இசியு அந்தத் துடிப்புகளை எண்ணி, பல் விட்ட இடத்தை அடையாளம் வைத்து, பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டு, பிளக்குக்குக் கரண்டும் இன்ஜெக்டருக்கு உத்தரவும் கொடுக்கும். துடிப்பு வரவில்லை என்றால் இசியுவைப் பொறுத்தவரை இன்ஜின் சுற்றவே இல்லை. சுற்றாத இன்ஜினுக்கு எதற்கு பெட்ரோல்? விபத்தில் இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் தீப்பிடிக்கும் என்பதால், துடிப்பு நின்றால் பம்ப்பையும் நிறுத்தும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள்.

காந்திபுரத்தில் பம்ப் சத்தம் போடாதது அதனால்தான். ஓடு என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு: சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும், செல்ஃப் அடிக்கும் முன்பே, பைப்பில் அழுத்தம் ஏற்ற இசியு பம்ப்பை இரண்டு விநாடி ஓட்டும். அந்த இரண்டு விநாடி ரீங்காரம் கேட்டால் பம்ப், பியூஸ், ரிலே மூன்றும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். அந்தப் பையன் செல்ஃப் அடிக்கும்போதுதான் காது வைத்தான், சாவி போட்ட அந்த இரண்டு விநாடியைக் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை, அவனை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

சந்தேகம் கிராங்க் சென்சார் மேல் விழுந்தது. பிளக்குக்கு ஹை வோல்டேஜ் கொடுக்கிற இக்னிஷன் காயிலும் சூட்டில் சாகும் வகைதான், ஆனால் காயில் செத்தால் பம்ப் ஓடும், இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும், சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாசம் குப்பென்று வரும். மூன்று தடவையும் வாசம் வந்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் ஞாபகத்தை நம்பி இன்னொரு பாகம் வாங்க எனக்கு மனசில்லை. வண்டி செத்துக் கிடக்கிற அந்த இருபது நிமிடத்துக்குள் பார்த்தால்தான் உண்டு. அதனால் டிக்கியில் ஒரு மல்டிமீட்டர், பழைய பிளக் ஒன்று, ஒரு ஜம்பர் வயர், தண்ணீர் பாட்டில், துணி எல்லாம் போட்டு வைத்துவிட்டு வண்டி நிற்பதற்காகக் காத்திருந்தேன். வண்டி எப்போது நிற்கும் என்று ஆசையோடு காத்திருந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

செப்டம்பரில் நின்றது. பர்லியாரில் டீ குடிக்க நிறுத்தி, கிளம்பலாம் என்று சாவி போட்டால் பிடிக்கவில்லை. "வா மகனே" என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். அப்பாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுக்கச் சொல்லிவிட்டு, பின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டேன். சாவி ஆன். பின் சீட்டுக்கு அடியில் தெளிவாக "ம்ம்ம்", இரண்டு விநாடி, நின்றது. செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பம்ப் மௌனம்.

"அப்பா, ஆர்பிஎம் முள் ஆடுதா?"

"செத்த பல்லி மாதிரி கிடக்குது."

என் வண்டியில் நன்றாக இருக்கும்போது செல்ஃப் சுற்றும் நேரத்திலேயே முள் இருநூறு முந்நூறுக்கு எழும்பும், காலையில் கவனித்து வைத்திருந்தேன். எல்லா வண்டியிலும் அப்படி எழும்பாது, அதனால் உங்கள் வண்டி நன்றாக இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து பிளக் வயரில் பழைய பிளக்கை மாட்டி, அதன் உடலை ஜம்பர் வயரால் இன்ஜினோடு சேர்த்து, செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பொறி இல்லை. (வயரைச் சும்மா கையில் தூக்கிப் பிடித்துப் பொறி பார்க்கிற பழக்கம் இந்த வண்டிகளுக்கு ஆகாது. போக வழியில்லாத ஹை வோல்டேஜ் காயிலையும் இசியுவையும் கெடுத்துவிடும், கையில் அடித்தால் அதுவும் சும்மா இருக்காது.) சைலன்சரில் மூக்கை வைத்தேன், பெட்ரோல் வாசமும் இல்லை. கரண்ட், பெட்ரோல் இரண்டும் ஒரே நேரத்தில் காணாமல் போனால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் தேட வேண்டும்.

சென்சார் இருப்பது இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், மேனிஃபோல்டுக்குக் கீழே. முழங்கை வரை விட்டு, இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டு, சாக்கெட்டைக் கழற்றினேன். சென்சார் பக்கம் இரண்டு பின். மீட்டரை, தடையை அளக்கிற ஓம்ஸில் வைத்துத் தொட்டால் முடிவிலி, ஒரு வாசிப்பும் இல்லை. கம்பி உள்ளே அறுந்திருக்கிறது. ஈரத்துணியை நீளக் குச்சியில் சுற்றி சென்சார் மேல் வைத்தேன். சூடான இன்ஜின் பிளாக்கில் தண்ணீரைக் கொட்டவே கூடாது, விரிசல் விடலாம், அதனால்தான் துணி. ஏழெட்டு நிமிடத்தில் மீட்டர் துள்ளித் துள்ளி 650 ஓம் காட்டியது. சாக்கெட்டை மாட்டிவிட்டு சைகை காட்டினேன், அப்பா சாவியைத் திருப்பினார், ஸ்டார்ட்!

"நான் அப்பவே சொன்னேன்ல, ஈரத்துணி போடுன்னு" என்றார். என்ன சொல்வது? இதற்குள் பானட் மேல் வைத்திருந்த வாழைப்பழச் சீப்பை ஒரு குரங்கு எடுத்துக்கொண்டு போயிருந்தது.

வீட்டுக்கு வந்து மறுநாள் சென்சாரைக் கழற்றினேன், ஒரே ஒரு 10 எம்எம் போல்ட். கை வைத்தால் ஜில்லென்று இருந்தபோது 520 ஓம். கெட்டியான பிளாஸ்டிக் கவரில் போட்டு, வயர் மட்டும் வெளியே வரும்படி கட்டி, அடுப்பில் ஒரு பாத்திரத் தண்ணீரில் இறக்கினேன். செம்புக் கம்பியின் தடை சூட்டில் கூடுவது இயற்கை, டிகிரிக்குக் கிட்டத்தட்ட 0.4 சதவீதம். 550, 580, 620 என்று ஒழுங்காக ஏறியது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது, குன்னூர் உயரத்தில் அது சுமார் 94 டிகிரிதான், 655 காட்டிக்கொண்டிருந்த மீட்டர் சட்டென்று முடிவிலிக்குப் போனது. வெளியே எடுத்து ஆறவிட்டால் மறுபடி எண் வந்தது. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அதே ஆட்டம். மனைவி அந்தப் பாத்திரத்தை இன்றுவரை சமையலறைக்குள் விடவில்லை. ஒன்று கவனிக்க வேண்டும்: மூன்று பின் உள்ள, காயிலுக்குப் பதில் எலக்ட்ரானிக் சில்லு வைத்த ஹால் வகை சென்சாரை இப்படி ஓம்ஸ் பார்த்துச் சோதிக்க முடியாது, அதற்கு வேறு வழி.

புதுச் சென்சார் 1,350 ரூபாய். மாட்டும்போது ஓ-ரிங்கில் (ரப்பர் வளையம்) ஒரு துளி ஆயில், உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடைத்தேன், ஏனென்றால் பல்சக்கரத்துக்கும் சென்சாருக்கும் நடுவே இருக்கிற மில்லிமீட்டர் அளவு இடைவெளியில் அழுக்கு சேர்ந்தால் துடிப்பு பலவீனமாகிவிடும்.

பழைய சென்சார் ஏன் போனது? 1,18,000 கிலோமீட்டருக்கு வயசாகிவிட்டது என்றும் சொல்லலாம். ஆனால் மாட்டும்போது மேனிஃபோல்டைப் பார்த்தால் அதன் மேல் இருக்க வேண்டிய தகர மூடி இல்லை, போல்ட் ஓட்டைகள் மட்டும் காலியாக இருந்தன. அதற்கு முந்தைய வருடம் சைலன்சர் வேலை பார்த்தபோது யாரோ கழற்றி மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். அந்தத் தகரம் இல்லாமல் ஒரு வருடம் முழுக்க மேனிஃபோல்ட் அனல் நேராக சென்சார் மேல் அடித்திருக்கிறது. இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனாலும் தகர வேலை செய்பவரிடம் அளவு கொடுத்து வெட்டி மாட்டிவிட்டேன், 200 ரூபாய்.

அதற்குப் பிறகு அடுத்த மே மாதத்தில், சீசன் கூட்டத்தில், ஐந்து பேரோடு, ஏசி போட்டு, வேண்டுமென்றே மதியம் இரண்டு மணிக்குக் கல்லாரிலிருந்து ஊர்ந்து ஏறினேன். பர்லியாரில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சரியாகப் பன்னிரண்டு நிமிடம் டீ, பிறகு சாவி. அரை சுற்று. குன்னூர் மார்க்கெட்டிலும் அதே மாதிரி. இதுவரை நிற்கவில்லை.

காந்திபுரம் பக்கம் போனபோது அந்த ஒர்க்‌ஷாப்பில் இறங்கி விஷயத்தைச் சொன்னேன். பையன் பொறுமையாகக் கேட்டான், சாவி போட்டதும் வருகிற இரண்டு விநாடி சத்தத்தைப் பற்றித் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டான். நல்லா இருந்த என் பழைய பம்ப்பைத் திருப்பித் தருகிறீர்களா என்று கேட்டேன்.

"அது அன்னிக்கே காயலான் கடைக்குப் போயிருச்சுங்க சார்."